வட்டு வளர்ந்தது தெரிகிறது, உச்ச அளவு ஏறியது தெரியவில்லையே?

கேள்வி: எங்கள் ஆய்வக சர்வரின் வட்டை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக வட்டைப் பகிரும் முறை) வழியாக 30 லினக்ஸ் கணினிகளில் மவுண்ட் செய்திருக்கிறோம், அதாவது இணைத்திருக்கிறோம். வட்டைப் பெரிதாக்கியதும் எல்லாக் கணினிகளிலும் டிஎஃப் (வட்டில் உள்ள இடத்தைக் காட்டும் கட்டளை) உடனே புதிய அளவைக் காட்டியது. ஆனால் ஒரு தடவையில் எழுதும் உச்ச அளவை சர்வரில் 32 கிலோபைட்டிலிருந்து 1 மெகாபைட்டாக ஏற்றி ரீஸ்டார்ட் செய்தும், கணினிகளில் டபிள்யூசைஸ் (அந்த எழுதும் அளவு, பைட்டில்) 32768-இலேயே நிற்கிறது. ஏன்?
– கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர் ஒருவர்

பதில்: சர்வரில் தப்பில்லை. கணினிகள் புதிய உச்ச அளவை மறுபடி கேட்கவே இல்லை.

என்எஃப்எஸ் 2-ஆம் பதிப்பில் கணினி சர்வரிடம் இதற்கெல்லாம் கேட்பது ஸ்டாட்எஃப்எஸ் என்ற ஒரே கேள்விதான். எவ்வளவு பெரிய துண்டாக அனுப்பலாம், வட்டில் எத்தனை பிளாக் (துண்டு இடம்) காலி என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடும். 1995-இல் வந்த ஆர்எஃப்சி 1813 என்ற விதிமுறை ஆவணம், அதாவது 3-ஆம் பதிப்பு, இதை இரண்டாகப் பிரித்தது. படிக்க, எழுத உச்ச அளவு, மிகப் பெரிய ஃபைல் எவ்வளவு இருக்கலாம் போன்ற மாறாத சங்கதிகளுக்கு எஃப்எஸ்இன்ஃபோ. லினக்ஸ் அதை மவுண்ட் செய்யும்போது கேட்டு வைத்துக்கொள்ளும். காலி இடத்துக்கு எஃப்எஸ்ஸ்டாட். டிஎஃப் அடிக்கும்போதெல்லாம் அது சர்வருக்குப் போய்வரும். 4-ஆம் பதிப்பில் இந்தப் பெயர்கள் இல்லை, எல்லாம் பண்புகளாகிவிட்டன. உங்கள் பிரச்சினைக்கு அதனால் வித்தியாசம் இல்லை.

ஆகவே அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்யுங்கள். 'ரீமவுண்ட்' ஆப்ஷன் உதவாது. அதை நம்பி ஒருநாள் இரவு பதினோரு மணிவரை சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். அப்புறம், கணினியில் எதை எப்படி மவுண்ட் செய்வது என்று எழுதி வைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் யாராவது முன்பு டபிள்யூசைஸ் 32768 என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இருந்தால் எத்தனை முறை மவுண்ட் செய்தாலும் அதைத் தாண்டாது.

எஃப்எஸ்ஸ்டாட் காலி இடத்தை இரண்டு எண்களாகச் சொல்லும்: மொத்தக் காலி, பயனருக்குக் கிடைக்கும் காலி. ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் வட்டு அமைப்பு வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்குக்கு) ஒதுக்கி வைப்பதால் 1000 ஜிபி வட்டில் 60 காலி இருந்தாலும் மாணவருக்குக் கிடைப்பது சுமார் 10 தான். ஃபைல் எண்ணிக்கைக்கும் இதேபோல் தனிக் கணக்கு உண்டு. ஜிபி கணக்கில் இடம் இருந்தும் 'இடமில்லை' என்று யாராவது வந்து நின்றால் டிஎஃப் கட்டளையை '-i' சேர்த்து அடியுங்கள். பெரும்பாலும் லட்சக்கணக்கான குட்டி ஃபைல்கள் ஐநோடுகளை (ஃபைலுக்கு ஒன்றாக வட்டில் இருக்கும் பதிவிடங்களை) தின்றிருக்கும்.

எஃப்எஸ்ஸ்டாட் தரும் அதே பதிலில் இன்னொரு எண், எனக்குப் பிடித்தது: இந்தத் தகவல் இன்னும் எத்தனை நொடிக்கு மாறாது என்பது. மாறவே மாறாத சிடிராம் என்றால் அந்த இடத்தில் எழுத முடிவதிலேயே பெரிய எண்ணைப் போடலாம் என்கிறது ஆர்எஃப்சி. மாணவர்கள் எழுதித் தள்ளும் உங்கள் வட்டுக்குப் பூஜ்யம்.