குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் வாய்ப்புண் வருவது எவ்வளவு சாதாரணம்?

தங்கள் மகனுக்கு 9 வயது என்றும், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வாயில் புண் வந்து 10 நாட்களில் தானாக ஆறிவிடுகிறது என்றும், இந்த வயதில் இது இயல்புதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 20 ஆண்டுகளாகக் குழந்தைகளின் வாயைப் பார்த்து வரும் பல் மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன்: பெற்றோர் நினைப்பதைவிட இது மிகவும் சாதாரணம்.

இதற்கு நம்பத்தகுந்த கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த தேசிய உடல்நல ஆய்வில், 2 முதல் 17 வயது வரையிலான 10,030 பேரின் வாயைப் பல் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். அவர்களில் 914 பேரின் வாயில் புண்ணோ, தழும்போ, வேறு ஏதேனும் மாற்றமோ இருந்தது. நாட்டின் மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டபோது அது 10.26 சதவீதம் ஆனது. மிகுதியாகக் காணப்பட்டது உதட்டையும் கன்னத்தையும் பல்லால் கடித்துக்கொண்டதன் அடையாளம் (1.89 சதவீதம்). அடுத்து, நாம் வாய்ப்புண் என்று சொல்லும் வட்டமான வெண்புண் (1.64), ஹெர்பீஸ் என்னும் வைரஸால் உதட்டோரத்தில் திரும்பத் திரும்ப வரும் கொப்புளம் (1.42), நாக்கில் இடம் மாறும் திட்டுகளான வரைபட நாக்கு (1.05) ஆகியவை வந்தன.

வெண்புண் 1.64 சதவீதம்தானா என்று வியக்க வேண்டாம். இது, பரிசோதித்த நாளில் வாயில் புண் இருந்தவர்களின் கணக்கு மட்டுமே. தங்கள் மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஐந்து முறை, முறைக்கு 10 நாள் என்றால் ஆண்டில் 50 நாட்கள்தான் அவனுக்குப் புண் இருக்கிறது. மீதி 315 நாட்களில் எந்த நாளில் பரிசோதித்திருந்தாலும் அவனைப் புண் இல்லாதவன் என்றே எழுதியிருப்பார்கள். ஆகவே இந்தத் தொல்லை உள்ள பிள்ளைகளின் உண்மையான எண்ணிக்கை அந்தச் சதவீதத்தைவிடப் பல மடங்கு இருக்கும்.

பட்டியலில் கடிபுண் முதலிடத்தில் இருப்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் 6 வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து கீழ்க் கடைவாய்ப் பல்லை அடைத்து அனுப்பினேன். மறுநாள் காலையில் அவள் கீழுதடு வீங்கி, உட்புறம் முழுவதும் வெளுத்த தோல் படிந்து, பார்க்கவே கலக்கமாக இருந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, சீழ் வைத்துவிட்டது என்று அவள் தாய் அழுதுவிட்டார். ஆனால் அது சீழ் அன்று. மரத்திருந்த உதட்டை வலி தெரியாமல் அவள் மென்றுகொண்டே இருந்ததால் வந்த புண். மரப்பு விலகும் வரை, அதாவது இரண்டு மூன்று மணி நேரம், குழந்தையின் வாயைக் கவனித்துக்கொண்டிருக்கும்படி நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து சொல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை. அந்தப் புண் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

வரைபட நாக்கிலும் இதே அச்சத்தைப் பார்க்கிறேன். நாக்கின் மேல் சிவந்த திட்டுகள், சுற்றிலும் வெள்ளைக் கரை, நாலு நாள் கழித்துப் பார்த்தால் திட்டு வேறிடத்தில் இருக்கும். இது தொற்றாது, எரிச்சல் இல்லாவிட்டால் சிகிச்சையும் தேவையில்லை.

ஹெர்பீஸ் அப்படியன்று. சிறு குழந்தைக்கு அது முதன்முறை வரும்போது காய்ச்சலும், ஈறு சிவந்து வீங்குவதும், வாய் முழுவதும் சிறு கொப்புளங்களும் சேர்ந்து வரலாம். வலியால் குழந்தை தண்ணீர்கூடக் குடிக்க மறுத்து, உடலில் நீர் வற்றிப்போவதே அங்கு முதன்மையான ஆபத்து. வாயோடு உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் இருந்தால், அது பெரும்பாலும் கை-கால்-வாய் நோய்; 2022-இல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பேசப்பட்டதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

வயிற்றில் புண் இருந்தால்தான் வாயில் புண் வரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. மணத்தக்காளிக் கீரை கொடுப்பதில் தவறில்லை, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் புண் அடிக்கடி வந்தால் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை குறைந்திருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது அவசியம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வாய்ப்புண் ஜெல்களிலும் கவனம் வேண்டும். பலவற்றில் கோலின் சாலிசிலேட் இருக்கிறது. இது ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்று பிரிட்டன் 2009-இல் அறிவுறுத்தியது. குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே தடவுங்கள்.

பதின்பருவத்தைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. 2019-இல் இந்தியாவில் நடந்த இளையோர் புகையிலை ஆய்வில், 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதத்தினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவது தெரியவந்தது. உதட்டுக்குள் ஒதுக்கிவைக்கும் புகையிலைப் பொட்டலம், அது தங்கும் இடத்திலேயே தோலைச் சுருக்கி வெளுக்கச் செய்கிறது. பாக்கு கலந்தவற்றை மெல்லும் பிள்ளைக்குக் காரம் பட்டால் எரியும். நாளடைவில் வாயை அகலத் திறக்கவும் முடியாமல் போகும். இவற்றில் தொடக்கத்தில் வலி இல்லாததால் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. பெற்றோர் கண்ணில் அது தற்செயலாகத்தான் படுகிறது.

தங்கள் மகனுக்கு அடுத்த முறை புண் வரும்போது, நல்ல வெளிச்சத்தில் உதட்டை மடக்கிப் பார்த்து, கைபேசியில் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்தால், அதற்கு நேரே உடைந்த அல்லது கூரான பல் இருக்கிறதா என்று பல் மருத்துவரிடம் காட்டுங்கள். புண்ணோடு காய்ச்சலும் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், எடை கூடாமல் நின்றுவிட்டால், அல்லது இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், அந்தப் படங்களோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.