வேலிக்கு எந்தப் பக்கம் ஏரி?

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மைக் படுத்துவிட்டது. அதனால் எல்லோரும் கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தீர்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்கு விஷயம் இதுதான். நம் ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கும் நிறுவனம், ஏரியைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, வேலிக்கு வெளியே ஆள் உயரத்துக்குப் பள்ளம் வெட்டப் போகிறது. கல்தூண்கள் வந்து இறங்கிவிட்டன. சுற்றியுள்ள நான்கு நகர்க்காரர்களும் எதிர்க்கிறோம், ஆனால் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறோம். நான் 31 வருடம் ஏரிக்கரைகளில் உத்தியோகம் பார்த்தவன். சேர்ந்தபோது அது பொதுப்பணித் துறை. நீர்வளத் துறை என்று தனியானது 2021இல்தான், அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

சார், நீங்கள் வேலிக்கு ஆதரவா, எதிர்ப்பா? கூட்டத்தில் பிடி கொடுக்காமல் பேசினீர்கள்.

பிடி கொடுக்காமல் பேசவில்லை, மைக்தான் பிடி கொடுக்கவில்லை. வேலிக்கு நான் எதிரி இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு வந்து கழிவுநீரைத் திறந்துவிடும் லாரி, இடித்த வீட்டுக் கற்களைக் கொட்டும் டிப்பர், லீவு நாளில் நீச்சல் தெரியாமல் இறங்கும் பையன்கள் என்று மூன்றையும் தடுக்க வேலி உதவும். லாரியைத் தடுப்பதில் வேலியைவிடப் பள்ளம் கெட்டிக்காரன். கம்பியை அறுத்துவிடலாம், பள்ளத்தைத் தாண்ட முடியாது. வேலி எந்தக் கோட்டில் போகிறது, பள்ளத்துத் தண்ணீர் எங்கே போகிறது, இந்த இரண்டுக்கும் பதில் வராதவரை ஒரு தூண்கூட நடக்கூடாது என்பதுதான் என் கட்சி.

வேலி ஏரிக்கு உள்ளே வந்துவிட்டதா, வெளியே இருக்கிறதா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

வந்த சீட்டுகளிலேயே நல்ல கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நம் ஊர் ஏரிக்கு நாலு பக்கமும் கரை கிடையாது. பள்ளமான பக்கத்தில் மட்டும் பிறை மாதிரி வளைத்துக் கரை கட்டியிருப்பார்கள். மற்ற பக்கத்தில் நிலம் மெல்ல மேடேறிப் போகும். தண்ணீர் நிறைய நிறைய அந்த மேட்டை நோக்கிப் பரவும். கோடையில் அங்கே மாடு மேயும், பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள். பார்க்கிறவருக்கு அது காலி மனை. காகிதத்தில் அது ஏரி.

எல்லை தெரிய வேண்டுமானால் கலங்கலுக்குப் போங்கள். மேற்குக் கோடியில், உபரித் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கட்டிய கல் மேடைதான் கலங்கல். அதன் தலை எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதுதான் முழுக் கொள்ளளவு மட்டம், ஆபீஸில் எஃப்.டி.எல். என்பார்கள். அந்த மட்டத்தை அப்படியே ஏரியைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனால் எங்கே தரையைத் தொடுகிறதோ அதுதான் தண்ணீரின் விளிம்பு. வேலி அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால் ஏரிக்குள் வந்துவிட்டது என்று பொருள். வெள்ளம் வரும்போது தண்ணீர் கலங்கலுக்கு மேலும் ஒன்றிரண்டு அடி ஏறித்தான் வழியும், அதனால் கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

இதற்கு சர்வேக்காரர்கள் மட்டம் பார்க்கும் டம்பி லெவல் கருவி தேவையில்லை. கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்கு மட்டம் பார்க்கும் டியூப் லெவல் போதும். தெளிவான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், நடுவில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. ஒரு முனையைக் கலங்கல் தலையில் பிடித்தால் மறுமுனையில் தண்ணீர் நிற்கும் இடம் அதே மட்டம். அங்கே ஒரு குச்சி, அடுத்தது அங்கிருந்து. பெரிய ஏரியைச் சுற்றி வரும்போது நாலைந்து அங்குலம் பிசகலாம். பரவாயில்லை, நாம் பார்க்கப் போவது அங்குலக் கணக்கு இல்லை.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஏரி தட்டு மாதிரி, குடம் மாதிரி இல்லை. செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3.645 டி.எம்.சி., அவ்வளவும் 24 அடி ஆழத்துக்குள் அடங்கிவிடுகிறது. அவ்வளவு அகலமான தட்டில் விளிம்போரத்து ஒரு அடிக்குத்தான் தண்ணீர் அதிகம். வேலி உள்ளே வந்தால் முதல் வருடம் ஒன்றும் ஆகாது. மூன்றாவது வருடம் வேலிக்கு வெளியே இருக்கிற இடத்தில் மண் கொட்டுவார்கள், பத்தாவது வருடம் அங்கே தெருவிளக்கு இருக்கும். 2015இல் போரூர் ஏரிக்குள் மண் கொட்டிக் கரை போட ஆரம்பித்தபோது சுற்றுவட்டார மக்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள்? கரைக்கு அந்தப் பக்கம் போகிற இடம் திரும்பி வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பள்ளம் வெட்டினால் எங்கள் தெருத் தண்ணீர் வடிந்துவிடும் என்று சைட்டில் சொன்னார்கள். நல்லதுதானே அண்ணா?

உங்கள் தெருவுக்கு நல்லது, ஏரிக்கு? உங்கள் தெரு மழைத் தண்ணீர்தான் தம்பி அந்த ஏரியின் சாப்பாடு. வரத்துக் கால்வாய் பாதி தூர்ந்துவிட்ட பிறகு, மேட்டுப் பக்கத்திலிருந்து பரவலாக ஓடிவரும் தண்ணீரைக் கொண்டுதான் இந்த ஏரி நிறைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து பெருமழை, அவ்வளவுதான் நமக்கு வருமானம். சுற்றிலும் பள்ளம் வெட்டி அதன் கடைசியைக் கலங்கல் ஓடையில் சேர்த்துவிட்டால், ஏரிக்கு வர வேண்டிய தண்ணீர் ஏரியைச் சுற்றிப் பிரதட்சிணம் செய்துவிட்டுக் கீழூருக்குப் போய்விடும். ஏரி காயும், கீழூர் மூழ்கும். குடிநீர் எடுக்கிற நிறுவனமே இதைச் செய்வதுதான் எனக்கு விளங்கவில்லை.

நியாயமாகச் சொன்னால் பள்ளத்துக்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. வீடுகளின் கழிவுநீர் ஏரிக்குள் போகாமல் அது தடுக்கும். அதற்கு வழி இருக்கிறது. தண்ணீர் உள்ளே வரும் ஒவ்வொரு வாயிலும் பள்ளத்தின் ஏரிப் பக்கத்துச் சுவரைத் தாழ்வாகக் கட்ட வேண்டும். வெயில் காலத்தில் மெல்லிசாக ஓடும் சாக்கடை பள்ளத்தோடு போய்விடும். பெருமழையில் பள்ளம் நிரம்பி, சுவரைத் தாண்டி ஏரிக்குள் விழும். அப்படிப் போகிற சாக்கடைக்குக் கடைசியில் சுத்திகரிப்பு நிலையம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் அழுக்கைக் கீழூரான் தலையில் கொட்டியதாகிவிடும். எஸ்டிமேட்டில் இந்தத் தாழ்வுச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த படத்தில் வெறும் பள்ளம்தான் இருந்தது.

கரைக்கு வெளிப்புறமும் பள்ளம் வருகிறதாமே? என் வீடு கரைக்கு நேர் கீழே.

அம்மா, இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கரையின் வெளிப்புற அடிவாரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டுவது, சுவரில் சாய்ந்து நிற்கிறவன் காலுக்கடியில் மண்ணைப் பறிப்பது மாதிரி. மண் கரையில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசியும், அது தவறில்லை. அடிவாரத்து மண்ணின் எடைதான் கசிகிற தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு வராமல் அழுத்திப் பிடித்திருக்கிறது. அங்கே ஆள் உயரத்துக்கு வெட்டினால் பிடி போய்விடும். கசிவை வாங்கிக்கொள்ள அடிவாரத்தில் வடிகால் போடுவது வேறு வேலை. அது மணலும் ஜல்லியும் அடுக்கடுக்காக நிரப்பிப் போடுவது, திறந்த பள்ளம் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கார்த்திகை மாத ராத்திரி, கரையைக் காவல் பார்க்கும் பழைய லஸ்கர் ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது. கரையடியில் கசிகிற தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் பிடித்தார். டார்ச்சை அடித்துக்கொண்டு பீடி ஒன்று முடிகிற வரைக்கும் வைத்திருந்தார். அப்புறம் மெல்லச் சாய்த்து அடியைப் பார்த்தார். வண்டல் இல்லை. "தண்ணிதான் அழுவுது, கரை அழுவல. போய்ப் படுங்க" என்றார். தெளிவாக வந்தால் பயமில்லை. மண்ணோடு கலங்கி வந்தாலோ, எறும்புப் புற்று மாதிரி மண் குவிந்து நடுவில் தண்ணீர் கொப்பளித்தாலோ உடனே ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும். அந்த ஊற்றை மண் போட்டு அடைக்கக் கூடாது, வேறு இடத்தில் கிளம்பும். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீர் மட்டத்தை உயர விட வேண்டும். டம்ளர் பழக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

தனியார் கம்பெனிக்கு ஏரியை வேலி போட்டு அடைக்க உரிமை இருக்கிறதா?

தண்ணீர் எடுக்க ஒப்பந்தம் இருக்கலாம். அதனால் ஏரி அவர்களுடையது ஆகிவிடாது. நம்முடையது ஏரிப் புறம்போக்கு, அரசு நிலம். நிலத்தின் பொறுப்பில் இருக்கும் துறை எழுத்தில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். இன்றைய சத்தீஸ்கரில் சிவநாத் ஆற்றில் 23 கிலோமீட்டருக்கு மேல் ஒரு தனியார் நிறுவனத்திடம் 1998இல் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார்கள், 22 வருடத்துக்கு. தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தவர்களையும் மோட்டார் வைத்து இறைத்தவர்களையும் போகச் சொன்னார்கள். பின்னால் அந்த மாநிலச் சட்டமன்றக் குழுவே ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லும் அளவுக்குப் போனது. தண்ணீர் எடுக்கிற அனுமதிக்குள் ஆளை வெளியேற்றுகிற அனுமதியும் ஒளிந்திருக்கிறதா என்று ஷரத்து ஷரத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

மாடு, சலவைத் துறை, மீன்பாசிக் குத்தகை எல்லாம் என்ன ஆகும்?

வேலியில் கதவு எங்கே என்று இப்போதே படத்தில் குறிக்க வைக்க வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் பூட்டு மட்டும்தான் வரும், சாவி வராது. மாட்டுக்குச் சரிவுப் பாதை, பள்ளத்தின் மேல் இரண்டு இடத்தில் சிறு பாலம், படித்துறைக்கு ஒரு வழி. மதகுக்கும் கலங்கலுக்கும் ராத்திரியில் ஓடிப் போக வழி கட்டாயம் வேண்டும். வெள்ளத்தன்று சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். முன்பு ஊருக்கு ஊர் மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார், அவர் வீடு எல்லோருக்கும் தெரியும். இப்போது இருப்பது ஒரு செல்போன் நம்பர், அதுவும் ஸ்விட்ச் ஆஃப்.

காலை வாக்கிங் போக முடியாதா?

கரைமேல் தூண் நட்டு இடத்தை அடைக்காவிட்டால் போகலாம். ஆனால் வாக்கிங்கை மனுவில் முதல் வரியாகப் போடாதீர்கள். "பொழுதுபோக்குக்காக எதிர்க்கிறார்கள்" என்று ஃபைலில் எழுதிவிடுவார்கள்.

எங்கள் நகரே ஏரி நிலத்தில்தான் இருக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. வாயைத் திறந்தால் நமக்கே ஆபத்து வராதா?

பெயர் போடாமல் வந்த சீட்டு. அதே கையெழுத்தில் இரண்டு. கேட்ட தைரியத்துக்கு நன்றி.

வரலாம். மறைத்துச் சொல்லிப் பயனில்லை. 2007இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்தது. அதன்படி ஏரியை அளந்து, எல்லை குறித்து, வரைபடம் தயாரித்துத்தான் மேற்கொண்டு போக முடியும். முதலில் உங்கள் சர்வே எண்ணுக்கு, நிலம் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேடும், அதன் அளவுகள் குறித்த எஃப்.எம்.பி. படமும் பாருங்கள். இணையத்திலேயே கிடைக்கும். பத்திரம் இருக்கிறது, வீட்டு வரி கட்டுகிறோம் என்பதெல்லாம் பதிவேட்டில் "ஏரி" என்று இருந்தால் நிற்காது. ஆனால் அளக்காமலே வேலி போட்டால் உங்கள் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைப்பதும் தப்பு. வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கும் நோட்டீஸ் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது.

தகவல் உரிமைச் சட்டத்தில் என்ன கேட்க வேண்டும்?

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மூன்றே மூன்று கேளுங்கள்: எஃப்.டி.எல். குறித்த ஏரி வரைபடம். வேலியும் பள்ளமும் போகிற தடத்தின் மட்டக் கணக்கோடு எஸ்டிமேட். நிலத் துறையின் அனுமதிக் கடிதம். "ஏன் எங்களைக் கலந்து பேசவில்லை?" என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: 2005ஆம் வருடச் சட்டத்திலேயே நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், பொருளில் மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கிறது. அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

30 நாளுக்குள் தோண்டி முடித்துவிடுவார்களே! ஜே.சி.பி. முன்னால் உட்கார்ந்துவிடலாமா?

டிரைவர் தினக்கூலி, அவரோடு என்ன சண்டை? கூட்டு ஆய்வு கேட்டுத் தாசில்தாருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கீழூர் இன்னும் ஊராட்சிதான், அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட்டால் அதற்கு எடை அதிகம். மனுவோடு நாம் எடுத்த மட்டக் கணக்கையும் வைத்தால், "விவரம் தெரியாமல் பேசுகிறார்கள்" என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் மட்டம் எப்போது எடுப்பது?

வரும் ஞாயிறு காலை ஆறு மணி, கலங்கலில். டியூப் என்னிடம் இல்லை, மூன்றாவது தெரு மேஸ்திரி தருவதாகச் சொல்லியிருக்கிறார். சுண்ணாம்புப் பொடி இரண்டு பாக்கெட், இருநூறு குச்சி, ஒரு நோட்டு. மேட்டுப் பக்கம் நெருஞ்சி முள் அதிகம், செருப்பு போட்டு வாருங்கள்.