தீம் விற்றவரா, பிளகின் எழுதியவரா: யார் திருத்தித் தர வேண்டும்?

கேள்வி: மருதமுனையில் கைத்தறிச் சாறனும் சேலையும் விற்கிறோம். எங்கள் வேர்ட்பிரஸ் இணையதளத்துக்குக் காசு கொடுத்து ஒரு தீம் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்பு) வாங்கினோம். தளத்தில், கடை நடத்த உதவும் வூகொமர்ஸ் என்ற பிளகினும் (கூடுதல் வசதி தரும் செருகுநிரல்), வேறொருவர் எழுதிய கூரியர் பிளகினும் இருக்கின்றன. போன வாரம் எல்லாவற்றையும் புதுப்பித்த பிறகு, கூடையில் சேர்க்கும் பொத்தான் வேலை செய்வதில்லை. தீம் விற்றவர் "பிறருடைய பிளகினுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்கிறார். அது சரியா?

பதில்: பாதிதான் சரி. நீங்களாகத் தேடிப் போட்ட கூரியர் பிளகினைத் திருத்தும் கடமை அவருக்கு இல்லை. வூகொமர்ஸ் அப்படியல்ல. "வூகொமர்ஸுடன் இயங்கும்" என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தால், அந்த வரியை நம்பித்தான் நீங்கள் காசு கொடுத்தீர்கள். அவர் அதிலிருந்து நழுவக் கூடாது. தீமோடு சேர்த்துத் தந்த பிளகின்களுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். தீம்கள் விற்கும் தீம்ஃபொரெஸ்ட் இணையச் சந்தையின் விதியும் இதையே சொல்கிறது. அங்கே வாங்கியிருந்தால், விற்றவர் உதவும் ஆதரவுக் காலம் 6 மாதம் என்பதால், வாங்கிய தேதியை முதலில் பாருங்கள்.

அடுத்து, பழுது எங்கே என்று காட்ட வேண்டும். வூகொமர்ஸின் நிலைப் (Status) பக்கத்தைத் திறந்து அடிவரை இறங்குங்கள். பல தீம்கள் கடைப் பக்கங்களின் அமைப்பைச் சொல்லும் வூகொமர்ஸின் வார்ப்புருக் கோப்புகளைப் பிரதி எடுத்து, மாற்றி வைத்திருக்கும். வூகொமர்ஸ் புதிதாகும், பிரதி பழையதாகவே கிடக்கும். அப்படியான கோப்பின் பெயரும் இரண்டு பதிப்பு எண்களும் அங்கே தெரியும். பழைய கோப்பெல்லாம் பழுதைத் தராது என்றாலும், அதைப் பார்க்க வேண்டியவர் தீம்காரர்தான். ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புங்கள்.

பிறகு, பழுது தேட உதவும் 'ஹெல்த் செக்' பிளகினைப் போட்டு, அதன் சோதனை நிலைக்குப் (Troubleshooting Mode) போங்கள். மாற்றம் உங்கள் கண்ணுக்கு மட்டுமே தெரியும்; வாடிக்கையாளர் காணும் கடை மாறாது. அங்கே உங்கள் தீம், வூகொமர்ஸ் இரண்டை மட்டும் இயக்குங்கள். அப்போதும் பொத்தான் அசையவில்லையென்றால் தீம்காரரை விடாதீர்கள். கூரியர் பிளகினைச் சேர்த்தவுடன் நின்றால் அதை எழுதியவரிடம் போங்கள்.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒருவர் தளத்தை முழுதாக அமைத்துத் தந்திருந்தால், இந்தப் பிரிவினையெல்லாம் அவருக்குப் பொருந்தாது. தீம், பிளகின் இரண்டையும் தெரிவு செய்தவர் அவர்; அவற்றை ஒத்துப்போகச் செய்வதற்குத்தான் கூலி வாங்கினார். பின்னாளில் வரும் புதுப்பிப்புகளுக்கு மட்டும் பராமரிப்பு உடன்பாடு இருந்ததா என்று பார்க்க வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்தே குறை என்றால், பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977.