ஒருத்தர் ஓட்டு போடாததால நிறைவேறுன பென்ஷன்: சுவீடன் 1958 தேர்தல் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, சுவீடன்ல 1956லதான் தேர்தல் நடந்துச்சு, திரும்ப 1958 ஜூன்ல எதுக்கு இன்னொண்ணு?

பதில்: பென்ஷன் சண்டை தம்பி. ஆபீஸ் உத்தியோகம், கவர்மென்ட் வேலைன்னு இருந்த நிறைய பேருக்கு சம்பளத்துக்கு ஏத்த பென்ஷன் ஏற்கனவே இருந்துச்சு, ஃபேக்டரி ஆளுங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு எல்லாருக்கும் பொதுவா வர்ற சின்னத் தொகை மட்டும்தான். முதலாளி பணம் கட்டணும், அது கட்டாயம்னு பிரதமர் தாகெ எர்லாண்டரோட சோஷியல் டெமாக்ரட் கட்சி நின்னுச்சு. 1957 அக்டோபர்ல மூணு திட்டத்த வச்சு மக்கள்கிட்டயே கேட்டாங்க, இவங்க திட்டம் 45.8 சதவீதத்தோட முதல்ல வந்துச்சு ஆனா பாதிய தாண்டல, அதோட கூட்டணில இருந்த விவசாயிங்க கட்சியும் வெளிய போயிடுச்சு. மசோதா கீழ்சபைல தோத்ததும் சபைய கலைச்சுட்டாங்க.

கேள்வி: மேல்சபையையும் சேர்த்தா?

பதில்: இல்லங்க, கீழ்சபை மட்டும்.

கேள்வி: கடைசில யாரு சார் ஜெயிச்சா?

பதில்: இதுதான் விசேஷமே. மொத்தம் 231 சீட்டு. சோஷியல் டெமாக்ரட் 111, கம்யூனிஸ்ட் 5, ஆக 116. எதிர்த்தரப்புல மூணு கட்சிக்கும் சேர்த்து 115. அப்ப மெஜாரிட்டி வந்துருச்சேன்னு நெனப்பீங்க, ஆனா சபாநாயகர் சோஷியல் டெமாக்ரட் ஆளு, அவருக்கு ஓட்டு கிடையாது, அதனால 115க்கு 115!

கேள்வி: லிபரல் கட்சிக்கு என்னாச்சு?

பதில்: பலத்த அடி, 58 சீட்டு 38 ஆயிடுச்சு. தலைவர் பெர்டில் ஊலீன் பெரிய பொருளாதார மேதை, 1977ல நோபல் வாங்குனவரு. கட்டாயம் வேணாம், விருப்பப்பட்டவங்க சேரட்டும்னு சொன்ன பக்கம் அவர் நின்னாரு.

கேள்வி: சமமா இருந்தா மசோதா எப்படிண்ணே பாஸ் ஆச்சு?

பதில்: 1959 மே 14. அதே லிபரல் கட்சில தூரெ கோனிக்சன்னு ஒரு எம்பி, கோத்தன்பர்க்காரரு, கப்பல் கட்டுற தளத்து தொழிலாளி. அவர் எந்தப் பக்கமும் ஓட்டு போடல, 115க்கு 114ல நிறைவேறிடுச்சு.

கேள்வி: அது கட்சி துரோகம் இல்லையா?

பதில்: நான் அப்படி சொல்லவே மாட்டேன். அந்த மசோதா அவருக்கு முழுசா பிடிச்சதும் இல்ல, ஆனா தன்னோட வேலை பார்த்தவங்களுக்கு வயசான காலத்துல கைல ஒண்ணும் இல்லாம போறத அவரால ஏத்துக்க முடியல, அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவர் மேல தனி மரியாதை. 1960லயே திட்டம் அமலுக்கு வந்துச்சு.