பழைய லினக்ஸ் கணினி திணறுகிறதா? கேள்வி பதில்

கே: டாப் கட்டளையில் லோடு 6 காட்டுகிறது, சிபியூ பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது. எந்தப் புராசஸைக் கொல்வது?

ப: எதையும் கொல்லாதீர்கள். லோடு என்பது வேலையில் இருக்கும், வேலைக்காகக் காத்திருக்கும் புராசஸ்களின் சராசரி எண்ணிக்கை. லினக்ஸில் டிஸ்குக்காகக் காத்துக் கிடப்பவையும் அந்தக் கணக்கில் சேரும். டாப் திரையில் ‘டபிள்யூஏ’ (டிஸ்குக்காகச் சிபியூ காத்திருக்கும் சதவீதம்) 20, 30 என்று நின்றால் தடங்கல் ஹார்ட் டிஸ்க் பக்கம். ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) ஐஓடாப் கட்டளையை ஓட்டினால் டிஸ்கைப் பிடித்திருக்கும் ஆள் யாரென்று தெரியும். அதற்கும் முன் டிஸ்கின் உடல்நிலை காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் டிஸ்கைச் சோதியுங்கள். ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ (சரியாகப் படிக்க முடியாத பகுதிகளின் எண்ணிக்கை) பூஜ்யமாக இல்லையென்றால் முதல் வேலை பேக்கப்.

கே: ஐஓடாப்பில் ‘பாலூ ஃபைல்’ வருகிறது. வைரஸா?

ப: இல்லை, கேடிஇ டெஸ்க்டாப்பின் கோப்புத் தேடலுக்கு அட்டவணை போடுகிற நிரல். கொன்றாலும் அடுத்த லாகினில் எழுந்து வரும். நிறுத்த ‘பாலூசிடிஎல் டிசேபிள்’ கட்டளை, பிறகு அட்டவணையை அழிக்க ‘பாலூசிடிஎல் பர்ஜ்’. கேடிஇயின் பிளாஸ்மா 6 பதிப்பு என்றால் கட்டளையின் பெயர் பாலூசிடிஎல்6. தேடல் வேண்டுமென்றால் அமைப்புகளில் கோப்புப் பெயரை மட்டும் அட்டவணையிடச் சொல்லுங்கள், போதும்.

கே: பழைய லேப்டாப். கேவொர்க்கர் ஒரு கோரை முழுசாகத் தின்கிறது.

ப: கேவொர்க்கர், லினக்ஸின் கருவான கெர்னலின் கூலியாள். வேலை ஏவியவர் யார் என்று பாருங்கள். பெயரின் வாலில் ‘கேஏசிபிஐடி’ இருந்தால் ஏவியது ஏசிபிஐ, அதாவது மின்சாரம், பேட்டரி, மூடி போன்றவற்றைக் கவனிக்கும் பகுதி. சிஸ் அடைவுக்குள் ஃபர்ம்வேர், ஏசிபிஐ, இன்டரப்ட்ஸ் என்று போய், வன்பொருள் எத்தனை முறை அழைத்தது என்று எண்ணும் ஜிபிஇ கோப்புகளைப் பத்து வினாடி இடைவெளியில் இருமுறை படியுங்கள். ஒன்று மட்டும் ஆயிரக்கணக்கில் ஏறினால் அதுதான். ரூட்டாக அதில் ‘டிசேபிள்’ என்று எழுதினால் அடங்கிவிடும். பிறகு மூடி, பேட்டரி அளவு, வெளிச்சப் பொத்தான்கள் வேலை செய்கின்றனவா பாருங்கள். அவையும் அதே வழியில் வரலாம். ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் பூட் ஆகும்போது கெர்னலுக்குத் தரும் வரியில் ‘ஏசிபிஐ மாஸ்க் ஜிபிஇ’ சேருங்கள்.

கே: என் கணினியும் மெதுவாக இருக்கிறது. என்ன செய்ய?

ப: முதல் பதில்.

கே: ராம் 2 ஜிபி. ராமில் இடம் காலி செய்யும் கேஸ்வாப்டி எப்போதும் உச்சத்தில். ஸ்வாப்பை (ராம் போதாதபோது டிஸ்கில் ஒதுக்கும் இடம்) அணைத்தேன், வேகமாகிவிட்டதே!

ப: நாலு டேப் திறக்கும் வரை. ஸ்வாப் இல்லாதபோது கெர்னலால் வெளியேற்ற முடிவது கோப்பிலிருந்து வந்த பக்கங்களை (ராமின் சிறு துண்டுகளை) மட்டும்தான். ஓடுகிற நிரலின் குறிமுறையும் அதில் அடக்கம். எறிந்ததை அடுத்த நொடியே டிஸ்கிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். மவுஸ் உறையும், ராம் தீர்ந்தால் ஒரு புராசஸைக் கொல்ல வேண்டிய ஓஓஎம் கில்லரோ சாவகாசமாக வரும்.

கே: ஸ்வாப்பினஸை 10 ஆக்கினால்?

ப: அதுவும் அதே திசைதான்: கெர்னல் ஸ்வாப்பை நாடுவது குறையும், கோப்புப் பக்கங்களையே எறியும். இயல்பு மதிப்பு 60. ராமுக்குள்ளேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கும் ஸ்வாப்பான இசட்ராம் போடுங்கள்: ராமில் பாதி அளவு, இசட்எஸ்டிடி சுருக்கம், டிஸ்க் ஸ்வாப்பைவிட அதிக முன்னுரிமை. அப்போது ஸ்வாப்பினஸை ஏற்ற வேண்டும். கெர்னல் 5.8 முதல் 200 வரை ஏற்கும்.

கே: கேஷைத் துடைக்கும் கட்டளையைக் க்ரானில் வைத்து அவ்வப்போது தானாக ஓடவிட்டால்?

ப: வேண்டாம். தேவைப்பட்டால் கேஷ் தானே இடம் விடும். ஃப்ரீ கட்டளையில் ‘ஃப்ரீ’ அல்ல, ‘அவைலபிள்’ என்ற பத்தியில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

கே: ஸ்வாப்பை அணைத்தவன்தான். இசட்ராமும் ராமில்தானே இருக்கிறது? இல்லாத ராமிலேயே ஸ்வாப் வைத்து என்ன லாபம்?

ப: நியாயமான கேள்வி. நான் சொன்ன ‘ராமில் பாதி’ வெறும் உச்சவரம்பு. பக்கங்கள் வந்தால்தான் இடம் பிடிக்கும். வருபவை பெரும்பாலும் பாதிக்கும் கீழே சுருங்கும். இசட்ராம்சிடிஎல் கட்டளையில் ‘டேட்டா’ (சுருங்கும் முன் அளவு), ‘டோட்டல்’ (ராமில் பிடித்த இடம்) இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றென்றால் சுருங்காத சரக்கு. உங்கள் வாதம் சரி. அப்போது டிஸ்க் ஸ்வாப் மட்டும் வையுங்கள். அணைக்க மட்டும் வேண்டாம்.