பத்தடி உயர அறையில் கோல்ஃப் சிமுலேட்டர் வைக்கலாமா?

கேள்வி: கோவையில் சொந்த வீடு. மாடியில் 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது. திரையை நோக்கிப் பந்தை அடித்து வீட்டுக்குள்ளேயே கோல்ஃப் ஆடும் சிமுலேட்டரை அங்கே வைக்க ஆசை. நானும் என் மகளும் கோல்ஃப் ஆடுவோம். அவள் இடது கைப் பழக்கம் உள்ளவள். ரேடார் கருவி, திரை, புரொஜெக்டர், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் சேர்த்து 9 லட்சம் என்கிறார் ஒரு விற்பனையாளர். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். அவர் தந்த விலைப்பட்டியலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அவர் உங்கள் அறையை அளந்தாரா என்பதே சந்தேகம். அளந்தவர் பத்தடி அறைக்கு ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்ல மாட்டார். அது முக்கால் அடியை விழுங்கும். தரையில் போடும் மேட் இரண்டு அங்குலம். மிஞ்சுவது ஒன்பதடியும் கொஞ்சமும். டிரைவர் என்கிற மிக நீளமான மட்டையே ஏறக்குறைய 45 அங்குலம். உயரமானவர் முழு வீச்சில் சுழற்றினால் ஜிப்சம் பலகை தப்பாது. இடிக்காவிட்டாலும், இடித்துவிடுமோ என்ற பயத்தில் கை தானாகவே வீச்சைக் குறுக்கும். அந்தப் பழக்கம் மைதானத்துக்கும் கூடவே வரும். கூரைக்கு அடர் நிறப் பெயின்ட் அடித்தால் போதும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். மின்விசிறியைக் கழற்றிவிட்டு, மேட் கனத்துக்கு ஒரு பலகை போட்டு, உங்கள் இருவரில் உயரமானவர் அதன்மேல் நின்று டிரைவரை மெதுவாகச் சுழற்றட்டும். மட்டை உச்சிக்குப் போகும்போது கூரைக்கு ஒரு சாண் இடைவெளி இருந்தால் அறை தேறும்.

இனி ரேடார். அது பந்துக்குப் பின்னால் இருந்து, பறக்கும் பந்தைத் தொடர்ந்து பார்க்கிற கருவி. பின்னால் 6 முதல் 8 அடி, பந்திலிருந்து திரைவரை குறைந்தது 8 அடி, திரைத் துணி உள்வாங்க ஓரடி. கூட்டினால் 15 முதல் 17. கார்மின் ஆர்10 போன்ற சிறிய கருவி உங்கள் அறையில் கணக்குக்கு அடங்கும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, கூரை விசிறிக்குப் பதில் சுவர் விசிறி வைத்தாலும், சுழலும் அதன் இறக்கையும் ரேடாருக்கு நகரும் பொருள்தான். கோவை என்றாலும் ஏப்ரலில் மூடிய அறையில் விசிறி இல்லாமல் ஆட முடியுமா?

உங்களுக்கு ஏற்றது கேமரா வகை. ஸ்கைட்ராக், புஷ்நெல் லாஞ்ச் புரோ போன்றவை பந்தின் பக்கவாட்டில் நின்று, அடிபட்ட நொடியிலேயே படம் பிடித்துக் கணக்கிடும். ஜன்னல் வெயில் மட்டும் நேராக விழக் கூடாது. புரொஜெக்டர் குறுகிய தூரத்திலிருந்து பெரிய படம் காட்டும் வகையாக இருக்கட்டும். இல்லையென்றால் உங்கள் நிழல்தான் திரையில் ஆடும்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். எந்த விற்பனையாளரும் வாய் திறக்காத இடம் இதுதான். வலது கைக்காரருக்குக் கேமராப் பெட்டி பந்துக்கு அப்பால், அவருக்கு எதிரே இருக்கும். இடது கைக்காரர் நிற்க வேண்டிய இடமே அதுதான். அதனால் ஆள் மாறும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கி மறுபக்கம் வைத்து, திசையைச் சரிபார்த்து, மென்பொருளிலும் மாற்ற வேண்டும். இன்னொன்று: ஒருவர் மட்டுமே ஆடினால் பந்தை ஓரமாகத் தள்ளி, முதுகுப்பக்கம் இடம் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் பந்து நட்டநடுவில்தான் இருக்க வேண்டும்; ஆளுக்கு ஆறடி. அது நெருக்கடி. ஆகவே மேலே சொன்ன சோதனையை மகளும் தன் பக்கத்தில் நின்று செய்யட்டும், முதுகுப்பக்கச் சுவரையும் பார்த்துக்கொண்டு. கூரையில் பொருத்தும் யூனீகோர் வகைக் கேமராவில் பெட்டியைத் தூக்கும் தொல்லை இல்லை. விலைதான் எங்கோ போய்விடும். மட்டை சுவரில் இடித்தால் அதுவும் உதவாது.

மொத்த விலை சொல்கிறவர்களிடம் கவனமாக இருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை, கருவியின் வரிசை எண், உங்கள் பெயரில் ஜிஎஸ்டி ரசீது, இறக்குமதி ஆவணத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். யாரோ வெளிநாட்டிலிருந்து பயணப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த கருவிக்கு இங்கே உத்தரவாதத்தை எதிர்பார்க்காதீர்கள். பழைய கருவியென்றால் முந்தைய உரிமையாளரின் கணக்கிலிருந்து அதை விடுவித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்களே வரவழைக்கலாம் என்றால், வைஃபை உள்ள கருவி என்று சுங்கத்தில் நிறுத்தக்கூடும். அதன்பின் எந்த மேசைக்கு எந்தக் காகிதம் என்று தெரிவதற்குள் ஆர்வமே வற்றிவிடும். கருவிக்கான சந்தா எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய கருவி, தான் அளந்த எண்ணை நமக்கே காட்ட ஆண்டுதோறும் பணம் கேட்கிறது, கேட்பார் யாருமில்லை.

நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலில் மேட் ‘புல் விரிப்பு, 1’ என்று ஒரே வரியில் இருக்கிறது. டைல்ஸ் தரைமேல் மெல்லிய விரிப்பைப் போட்டு இரும்பு மட்டையால் அடித்தால் ஒவ்வோர் அடியின் அதிர்வும் முழங்கைக்குத்தான் போகும். அடியில் நுரை அடுக்குள்ள, பந்து அடிக்கும் பகுதியைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய மேட்டாகக் கேளுங்கள். பணம் குறைந்தால் திரையின் அகலத்தையும் புரொஜெக்டரையும் குறையுங்கள், மேட்டில் கை வைக்காதீர்கள்.