கன்னியாவுக்கு அப்பாவையும் கூட்டிப் போங்கள்

வணக்கம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதலாம் வருடம் படிக்கிறேன். குடிசார் பொறியியல் கிடைக்காது போலிருக்கிறது. புவிவளப் பொறியியலை எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். “புவியியலா? அதைக் கலைப்பிரிவிலேயே படித்திருக்கலாமே” என்கிறார் அம்மா. “கல்லுடைக்கப் போகிறாயா?” என்கிறார் அப்பா. எடுக்கலாமா?
வ., உப்புவெளி

அன்புள்ள வ.,

அம்மாவின் குழப்பத்துக்குச் சொல்தான் காரணம். புவியியல் வேறு, பாறைகளைப் படிக்கும் புவிச்சரிதவியல் வேறு. நீங்கள் எடுக்க நினைப்பது இரண்டாவதன் பொறியியல் பக்கம்.

அப்பாவுடன் வாதாட வேண்டாம். லீவில் வரும்போது திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப் போங்கள். பக்கத்தில் எரிமலை எதுவும் இல்லை, ஆனால் ஏழு கிணற்றிலும் வெந்நீர். மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாக இறங்குகிறது. கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 25 பாகை என்று கூடிக்கொண்டே போகும் நிலத்தடிச் சூட்டை வாங்கி, இன்னொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. இராவணன் வாளால் குத்தினான் என்பது ஊர்க் கதை. நிலம் பிளந்திருக்கிறது என்ற மட்டில் கதையும் சரிதான்!

அந்த வெடிப்புக்குள் சுரங்கப்பாதை வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்பதுதான் உங்கள் தொழில். ஆற்றுநீரைச் சுரங்கப்பாதை வழியாகத் திருப்பும் உமா ஓயாத் திட்டத்தில், 2014 முடிவில், சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்தது. மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. சமனலவெவவில் சுண்ணக்கல்லின் பொந்துகள் வழியாக 1992 இல் நீர்த்தேக்கமே கசியத் தொடங்கியது. அந்த நீரைக் கீழே விவசாயிகள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். குடிசார் கிடைக்காத ஆற்றாமையில் இதை எடுத்தால் மிச்ச வருடங்கள் கசக்கும். குடிசாரில் கொங்கிறீற்றை நீங்களே கலக்கிறீர்கள், அதன் பலத்தைச் சோதித்தும் பார்க்கலாம். பாறையோ உங்களைக் கேட்டு உருவானதல்ல. நாலைந்து இடத்தில் துளையிட்டு, வந்த கல் உருளைகளை வைத்து, இடையில் இருப்பதை ஊகிக்கவேண்டும். அந்த ஊகத்தின் மேல்தான் அணை நிற்கும். இந்த நிச்சயமின்மை உங்கள் தூக்கத்தைக் கெடுக்குமென்றால் வேண்டாம்.

வேலையைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை நான். கற்குவாரி, சுரங்கம், மண்சரிவு ஆய்வு எல்லாம் உண்டு. நம் மாவட்டத்திலேயே புல்மோட்டையில், தைத்தானியம் எடுக்க உதவும் இல்மனைற்று மணல் இருக்கிறது. வெயிலுக்கும் அட்டைக்கும் மட்டும் பழகிக்கொள்ளுங்கள்.

கன்னியாவில் ஏழு கிணற்றுக்கும் ஒரே சூடு இல்லை. கை வைத்துப் பாருங்கள். ஏன் என்று அப்பா கேட்பதற்கு முன் நீங்கள் கேட்டுவிட்டால், விண்ணப்பத்தில் புவிவளத்தை முதலாவதாகப் போடுங்கள்.